ராகிக்கு நடுவே துவரை: லாபம் எங்கிருந்து வருகிறது?

2025 அக்டோபரில் மத்திய அரசு, பருப்பு வகைகளில் தற்சார்பு அடைவதற்கென்று 11,440 கோடி ரூபாயில் ஆறு வருடத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. துவரை, உளுந்து, மைசூர் பருப்பு மூன்றும்தான் அதன் குறி. 2030-31க்குள் நாட்டின் பருப்பு உற்பத்தியை 350 லட்சம் டன்னுக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார்கள். சரி, அதற்கு நிலம்? இருக்கிற நிலத்தில் ஏற்கெனவே ஏதோ ஒரு பயிர் நிற்கிறது. திட்டம் காட்டும் வழிகளில் ஒன்று நெல் அறுத்த தரிசு, இன்னொன்று ஊடுபயிர். அதாவது தானியம் நிற்கும் அதே வயலில் பயறையும் நிற்கவைப்பது.

இந்த ஊடுபயிர் என்ற சொல்லைச் சுற்றித்தான் குழப்பம். ஒரு பக்கம், "பயறு பக்கத்தில் நின்றால் போதும், தானியத்துக்கு யூரியாவே வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இன்னொரு பக்கம், "இரண்டையும் போட்டால் இரண்டும் உருப்படாது" என்று அனுபவஸ்தர்களே சொல்கிறார்கள். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. பயறு பக்கத்தில் நிற்பதால் லாபம் உண்டு, ஆனால் எல்லோரும் நினைக்கிற இடத்திலிருந்து அது வருவதில்லை. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பெயர்க் குழப்பம்

ஒரே வயலில் இரண்டு பயிர் என்றால் நான்கு விதமாக இருக்கலாம். நான்கையும் ஒரே பெயரில் சொல்வதால்தான் ஒருவருடைய அனுபவம் இன்னொருவருக்குப் பொருந்தாமல் போகிறது.

1. கலப்புப் பயிர். இரண்டு விதையையும் ஒன்றாகக் கலந்து விதைப்பது. வரிசை கிடையாது. களை எடுப்பதும் அறுப்பதும் கையால்தான், அறுத்த பிறகு முறமும் சல்லடையும் வேறு வேண்டும்.

2. ஊடுபயிர். வரிசை வரிசையாக. எட்டு வரிசை ராகி, இரண்டு வரிசை துவரை என்பதுபோல ஒரு விகிதம் இருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ராகியோடு துவரையோ அவரையோ இப்படி நிற்பதைப் பார்க்கலாம். எல்லையைத் தாண்டினால் கன்னடத்தில் இதற்கு அக்கடி சாலு என்று பெயர், நம் உழவுச் சால்தான் அந்தச் சாலும்.

3. பட்டைப் பயிர். இதுவும் வரிசைதான், ஆனால் அகலமான பட்டைகளாக, ஒவ்வொன்றிலும் இயந்திரம் தனியாக ஓடும் அளவுக்கு.

4. நிற்கிற பயிரில் விதைப்பது. காவிரி டெல்டாவில் தை மாதத்தில், நெல் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நெற்பயிருக்குள்ளேயே உளுந்தை வீசிவிடுவார்களே, அது. இரண்டு பயிரும் சேர்ந்து நிற்பது சில நாள்தான்.

நான்காவது வகைக்குத் தமிழில் மிகப் பழைய சாட்சி இருக்கிறது. தினை கொய்த தாளில் அவரைக் கொடி படர்ந்து பனிக்காலத்தில் பூப்பதைக் குறுந்தொகைப் பாட்டு ஒன்று சொல்கிறது. அந்தப் பாட்டில் வரும் மலைக்குறவனுக்கு இதற்கென்று திட்டமோ மானியமோ இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பலதானிய விதைப்பு என்று இயற்கை விவசாயிகள் செய்வது இந்த நான்கிலும் சேராது. அது மண்ணுக்காக விதைத்து, பூக்கிற பருவத்தில் மடக்கி உழுதுவிடுவது. விளைச்சல் எடுப்பதற்காக அல்ல.

லாபமா நட்டமா என்று எப்படி அளப்பது

ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு எளிய அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கலந்து போட்டதில் கிடைத்த விளைச்சலைத் தனியாகப் போட்டு எடுக்க வேண்டுமென்றால் எத்தனை ஏக்கர் வேண்டும்? இதை நிலச் சமன் விகிதம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக ஒரு மானாவாரி ஏக்கரை எடுப்போம், எண்கள் வெறும் உதாரணம்:

1. ராகி மட்டும் போட்டால் 10 குவிண்டால். கலந்து போட்டதில் 8.5 குவிண்டால். ஆக 0.85.

2. துவரை மட்டும் போட்டால் 4 குவிண்டால். கலந்து போட்டதில் 1.5 குவிண்டால். ஆக 0.37 சொச்சம்.

3. இரண்டையும் கூட்டினால் 1.22. அதாவது ஒரு ஏக்கரில் எடுத்ததைத் தனித்தனியாக எடுக்க 1.22 ஏக்கர் தேவைப்பட்டிருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, இரண்டு பயிருமே தனியாக நின்றதைவிடக் குறைவாகத்தான் விளைந்திருக்கின்றன. "ராகி குறைஞ்சுபோச்சு" என்பவரும் பொய் சொல்லவில்லை, "நிலம் கூடுதலாகக் கொடுத்தது" என்பவரும் பொய் சொல்லவில்லை. உலகம் முழுக்க நடந்த நூற்றுக்கணக்கான சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில் சராசரி இந்த 1.2, 1.3 அளவில்தான் வருகிறது. இரண்டு மடங்கு விளைந்தது என்று யாராவது வீடியோ போட்டால், எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள்.

தழைச்சத்து: இங்கேதான் பெரிய தவறு

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தழைச்சத்து என்பது நைட்ரஜன். காற்றில் 78 விழுக்காடு அதுதான், ஆனால் செடியால் அதை நேராக எடுக்க முடியாது. பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா அதைப் பிடித்து, செடிக்கு ஆகும் வடிவில் மாற்றிக் கொடுக்கிறது, பதிலுக்குச் செடி சர்க்கரை கொடுக்கிறது. தட்டைப்பயறுச் செடி ஒன்றை ஒரு மாதப் பயிராக இருக்கும்போது களைக்கொத்தால் மண்ணோடு சேர்த்துத் தோண்டி எடுங்கள் (பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணிலேயே உதிர்ந்துவிடும்). கடுகு, மிளகு அளவில் உருண்டைகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நம் ரத்தத்தில் இருப்பதற்கு உறவான ஒரு புரதம்தான் அந்த நிறத்துக்குக் காரணம். உள்ளே வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு சும்மா இருக்கிறது என்று அர்த்தம்.

இதுவரை சரி. அடுத்த படியில்தான் தப்பு நடக்கிறது. பயறு பிடித்த நைட்ரஜன் அப்படியே பக்கத்து வரிசை ராகிக்குப் பாயும் என்று நினைக்கிறோம். உயிரோடு நிற்கும் செடி தான் சம்பாதித்ததைப் பக்கத்து வீட்டுக்கு வாரி இறைக்காது. பெரும்பகுதி அதன் இலைக்கும் காய்க்கும் போய்விடுகிறது. அந்தப் பருவத்திலேயே வேர் வழியாகத் தானியத்துக்குப் போவது பெரும்பாலும் சொற்பம்.

அப்படியானால் பயறு பக்கத்தில் நிற்கும் வரிசை ராகி கொஞ்சம் பச்சை கூடுதலாகத் தெரிகிறதே? தெரியும். காரணம் வேறு. தானியத்தின் வேர் வேகமாகப் பரவி மண்ணிலிருக்கும் தழைச்சத்தை முதலில் வாரிக்கொள்கிறது. பக்கத்தில் இன்னொரு ராகி நின்றிருந்தால் அதுவும் சண்டைக்கு வந்திருக்கும். பயறு வரவில்லை, ஏனென்றால் அதற்குக் காற்று இருக்கிறது. இன்னும் சொன்னால், மண்ணிலிருப்பதைத் தானியம் உறிஞ்சிவிடுவதால் பயறுக்கு வேறு வழியில்லாமல் தன் தேவையில் கூடுதல் பங்கைக் காற்றிலிருந்து எடுக்க வேண்டியதாகிறது. பயறு கொடுக்கவில்லை, போட்டிக்கு வராமல் ஒதுங்கிக்கொண்டது.

சரி, அடுத்த பருவத்துக்காவது மிஞ்சுமா? மிஞ்சும், துவரை கொட்டும் இலையும் மண்ணில் மட்கும் வேரும் அடுத்த பயிருக்குத்தான் கை கொடுக்கும். எவ்வளவு என்பது நாம் வயலிலிருந்து எதை எடுத்துப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. 100 கிலோ துவரையில் ஏறத்தாழ மூன்றரைக் கிலோ நைட்ரஜன் புரதமாக இருக்கிறது, அது மூட்டையோடு போய்விடும். காயின் பொட்டு மாட்டுக்கும், காய்ந்த குச்சியான துவரைமார் அடுப்புக்கும் போனால் அதுவும் போச்சு.

இதைப் பணமாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 45 கிலோ யூரியா மூட்டை விவசாயிக்கு 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது, அதில் இருபது கிலோ சொச்சம் நைட்ரஜன். ஊடுபயிராக நின்ற துவரை ஒரு ஏக்கரில் விட்டுப்போவது இந்த ஒரு மூட்டைக்கு ஈடாக இருந்தாலே பெரிய விஷயம். அரசு மானியமாகக் கொட்டும் தொகையைச் சேர்த்தால் நாட்டுக்கு இது நல்ல சேமிப்புதான், ஆனால் விவசாயியின் கையில் மிஞ்சுவது முந்நூறு ரூபாய்க்குள். "யூரியா மிச்சம்" என்று சொல்லி ஊடுபயிரை விற்றால் ஒரு வருடம் போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள், அது நியாயமும்கூட.

அப்புறம் எங்கிருந்துதான் வருகிறது

1. நேரம். இதுதான் முதல் காரணம், மற்றதெல்லாம் பின்னால்தான். ஆடிப்பட்டத்தில் ராகியையும் துவரையையும் ஒரே நாளில் விதைக்கிறீர்கள் என்று வையுங்கள். ராகி 110, 120 நாளில் முடிந்துவிடும். நீண்ட வயதுத் துவரைக்கு 160 முதல் 180 நாள். முதல் இரண்டு மாதம் துவரை மந்தமாகத்தான் வளரும். ராகி தூர் கட்டிக் கதிர் தள்ளும் சமயத்தில் துவரையைப் பார்த்தால் நோஞ்சான் பிள்ளைபோல ஒற்றைக் குச்சியாக நிற்கும், அதைப் பார்த்துத்தான் பலர் "இது தேறாது" என்று முடிவு கட்டுகிறார்கள். ராகி அறுத்து இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். வெயிலும் இடமும் கிடைத்ததும் பக்கக்கிளை வெடித்து, மார்கழிப் பனியில் பூவெடுத்து, தையில் காய் முற்றும். ராகிக்கு ஈரம் அதிகம் தேவைப்பட்ட நாளும் துவரைக்குத் தேவைப்பட்ட நாளும் வேறு வேறு.

2. வேர். ராகிக்குச் சல்லிவேர், மேல்மண்ணில் பரவும். துவரைக்கு ஆணிவேர், ஆழத்தில் இறங்கும். மழை நின்று மேல்மண் காய்ந்த பிறகு துவரை குடிப்பது ராகியால் எட்டவே முடியாத ஈரம்.

3. மணிச்சத்து. இது அதிகம் பேசப்படாத விஷயம். செம்மண்ணில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், இரும்போடு பிணைந்து கிடக்கும், மண் பரிசோதனையில் இருந்தும் பயிருக்கு எட்டாது. துவரையின் வேரில் கசியும் ஒரு வகை அமிலம் அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு மணிச்சத்தை விடுவிக்கிறது. ஹைதராபாத்துக்கு அருகே படான்சேருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற சர்வதேச வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்த ஆய்வு இதை 1990ல் வெளியிட்டது. சோளம் போன்ற தானியங்களுக்கு இந்த வித்தை அவ்வளவாகத் தெரியாது. எனவே இரண்டும் ஒரே மண்ணில் வேறு வேறு பெட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிடுகின்றன.

4. வெளிச்சம். சோளம், கம்பு, ராகி, மக்காச்சோளம் எல்லாம் உச்சி வெயிலையும் முழுதாகப் பயன்படுத்தும் ஜாதி. பயறுகளுக்கு அவ்வளவு வெயில் தேவையில்லை, ஓரளவு நிழலைத் தாங்கும். ஓரளவுதான். அடர்ந்த மக்காச்சோளத்துக்குள் உளுந்து போட்டால் கொடி நீண்டு போகும், காய் இருக்காது.

5. களையும் பூச்சியும். ஊடே பயறு மூடிக்கொண்டால் களைக்கு இடம் குறையும். சோள வேரை உறிஞ்சும் சுடுமல்லிக் களையின் விதையைத் தட்டைப்பயறின் வேர்க்கசிவு ஏமாற்றி முளைக்கவைக்கும், முளைத்த களை ஒட்டிக்கொள்ளச் சோள வேர் இல்லாமல் சாகும். கென்யாவில் மக்காச்சோளத்துக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறு வகைத் தீவனச் செடியை வைத்துச் சுடுமல்லியையும் தண்டுத் துளைப்பானையும் ஒருசேர அடக்குகிறார்கள்.

மழை ஏமாற்றினால்

மானாவாரிக்காரருக்குச் சராசரி விளைச்சலைவிட முக்கியமான கேள்வி, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை கையைக் கடிக்கும் என்பதுதான். சோளம், துவரை கூட்டைப் பற்றி இந்தியாவில் நடந்த 94 சோதனைகளை இக்ரிசாட் ஆராய்ச்சியாளர்கள் 1980ல் அலசினார்கள். வருமானத்துக்கு ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே விழுந்தால் தோல்வி என்று வைத்துக்கொண்டார்கள். துவரை மட்டும் போட்டால் 5 வருடத்தில் ஒருமுறை தோல்வி. சோளம் மட்டும் போட்டால் 8 வருடத்தில் ஒருமுறை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் 36 வருடத்தில் ஒருமுறை.

முன்மழை கெட்டால் சோளம் போகும், துவரை பிழைக்கும். பின்மழை கெட்டால் துவரை போகும், அதற்குள் சோளம் வீட்டுக்கு வந்திருக்கும். இரண்டும் ஒரே வருடத்தில் கெடுவது அபூர்வம். என்னைக் கேட்டால் ஊடுபயிரைப் பற்றிய பேச்சை இந்த 36லிருந்துதான் தொடங்க வேண்டும், வேர்முடிச்சிலிருந்து அல்ல.

எங்கே சறுக்கும்

"போட்டுப் பார்த்தேன், சரிவரலை" என்று சொல்கிறவர்களின் வயலில் பெரும்பாலும் கீழே சொல்வதில் ஒன்று நடந்திருக்கும்.

1. வயது ஒத்துப்போனது. நான்கு மாதத்தில் முடியும் குறுகிய வயதுத் துவரையை நான்கு மாதத் தானியத்தோடு போட்டால் முதல் காரணமே அடிபட்டுப் போகிறது. இரண்டும் ஒரே நாளில் ஒரே தண்ணீருக்கு நிற்கும். கடையில் புது ரகம் என்று கொடுப்பதை வாங்கும் முன் எத்தனை நாள் பயிர் என்று கேட்க வேண்டும்.

2. யூரியாவைத் தாராளமாக வீசுவது. மண்ணில் தழைச்சத்து சும்மா கிடைக்கும்போது பயறுச் செடி பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுக்காது, முடிச்சு குறையும். தானியமும் தழைத்துப் பயறை மூடிவிடும். உரத்தைத் தானிய வரிசையின் ஓரத்தில் மட்டும் போடுவது நல்லது.

3. களைக்கொல்லி. மக்காச்சோளத்துக்கு அட்ரசின் அடிப்பது வழக்கமாகிவிட்டது. அது அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும் மருந்து, பயறும் அகன்ற இலைதான். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மக்காச்சோளம் பெருகிய வேகத்தையும் ஊடுபயிர் காணாமல் போனதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த ஒரு மருந்துக்கும் அதில் பங்கு உண்டு. 2018ல் படைப்புழு வந்த பிறகு, மக்காச்சோளத்தில் வரப்போரமும் ஊடேயும் பயறு போடச் சொல்கிறார்கள். மருந்தை மாற்றாமல் அது நடக்காது. பெண்டிமெத்தலின் போல இரண்டு பயிரும் தாங்குவதைத்தான் தேட வேண்டும்.

4. இடம் விடாமல் திணிப்பது. தானியத்தின் செடி எண்ணிக்கையைக் குறைக்காமலேயே பயறுக்கு இடம் செய்ய ஜோடி வரிசை என்று ஒரு வழி இருக்கிறது. சோளத்தை 45 செ.மீ. இடைவெளியில் சீராக விதைப்பதற்குப் பதில், இரண்டு வரிசையை 30 செ.மீ. நெருக்கத்தில் ஜோடியாக்கி, அடுத்த ஜோடிக்கு 60 செ.மீ. விட்டு, அந்த அகல இடைவெளியில் ஒரு வரிசை பயறு. செடிகள் அதேதான், தள்ளி உட்கார்ந்திருக்கின்றன.

ஆளும் இயந்திரமும்

ஊடுபயிர் குறைந்துபோனதற்கு அறியாமை காரணமில்லை. விதைக்கத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அறுக்கத்தான் ஆளில்லை. ராகியை மட்டும் அறுத்துத் துவரையை மிதிக்காமல் விட்டுவர அறுவடை இயந்திரத்துக்குத் தெரியாது. ஆள் வைத்து அறுத்தால் கூலி தனி, துவரைக்கு இரண்டாவது தடவை வேறு ஆள் தேட வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்க்கச் சீனா எடுத்த வழி பட்டைப் பயிர். சோயாவுக்கு இறக்குமதியை நம்பியிருப்பதைக் குறைக்க, 2022ல் மக்காச்சோளத்தையும் சோயாவையும் பட்டை பட்டையாகப் போடுவதை நாட்டுத் திட்டமாகவே அறிவித்து, அந்த வருடமே 10 லட்சம் ஹெக்டேர் என்று இலக்கு வைத்தார்கள். நான்கு வரிசை சோயா, இரண்டு வரிசை மக்காச்சோளம் என்பதுபோல அமைத்து, அந்த அகலத்துக்கு ஏற்ற விதைப்புக் கருவியும் குறுகிய அறுவடை இயந்திரமும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். நம்மூரில் ஊடுபயிருக்கு விதைப் பொட்டலம் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. இயந்திரம் இல்லாமல் விதை மட்டும் கொடுப்பது அரை வேலை.

பணக் கணக்கு

பழைய உதாரண ஏக்கருக்கே போவோம். 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை ராகிக்குக் குவிண்டால் 4,886 ரூபாய், துவரைக்கு 8,000 ரூபாய்.

1. ராகி மட்டும் 10 குவிண்டால்: 48,860 ரூபாய்.

2. கலந்து போட்டதில் ராகி 8.5 குவிண்டால், 41,531 ரூபாய். துவரை 1.5 குவிண்டால், 12,000 ரூபாய். மொத்தம் 53,531.

3. வித்தியாசம் 4,671 ரூபாய். இதிலிருந்துதான் துவரை விதை, காய்ப்புழு மருந்து, இரண்டாவது அறுவடைக் கூலி எல்லாம் போக வேண்டும்.

ராகியில் இழந்த 7,329 ரூபாயை ஈடுகட்ட மட்டும் துவரை 92 கிலோ வர வேண்டும். அந்த 92 கிலோவில் நிலச் சமன் விகிதம் 1.08 என்று வரும். அதாவது விகிதம் ஒன்றைத் தாண்டியும் சட்டைப்பையில் ஒரு ரூபாய்கூடக் கூடாத நிலை உண்டு. விகிதத்தை மட்டும் காட்டி வெற்றி என்று சொல்லும் துண்டறிக்கைகளைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இந்தக் கணக்கெல்லாம் ஆதரவு விலை கைக்குக் கிடைத்தால்தான். ஒன்றரைக் குவிண்டால் துவரைக்காக வண்டி பிடித்து, அடங்கல் நகலும் வங்கிப் புத்தகமும் எடுத்துக்கொண்டு கொள்முதல் நிலைய வரிசையில் யார் போய் நிற்பார்கள்? வீட்டுக்கு வேண்டிய ஒரு மூட்டையை எடுத்துச் செம்மண் கட்டி, காயவைத்து, திருகையிலோ மில்லிலோ உடைத்து வைத்துக்கொள்கிறார்கள். மிச்சத்தை, வாசலுக்கே தராசோடு வரும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு மூட்டை மளிகைக் கடையில் வாங்காத பருப்பு. விவசாயிக்கு அதன் மதிப்பு கொள்முதல் விலையில் இல்லை, கடையில் விற்கும் சில்லறை விலையில் இருக்கிறது. அந்த விலையில் எழுதினால் மேலே போட்ட 4,671 கூடிவிடும்.